பெரிய காளையா, நடுத்தரக் காளையா? பொலிகாளை தேர்வு பற்றி ஒரு விரிவான பதில்

உங்கள் நிலைமையை நான் புரிந்துகொண்டது இப்படி. நாற்பது பசுக்கள், இந்தப் பருவத்தில் முதல்முறை காளைக்கு விட வேண்டிய பன்னிரண்டு கிடாரிகள். கன்றுகளைப் பால் மறந்ததும் எடைக்கு விற்கிறீர்கள். நல்ல கிடாரிக் கன்றுகளை மட்டும் மந்தையில் நிறுத்துகிறீர்கள். இருக்கும் காளைக்கு ஏழு வயது, கிடாரிகளில் பாதி அதன் மகள்களே. இரண்டு இளங்காளைகளைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். ஒன்று 46 கிலோவில் பிறந்து, ஒரு வயதில் தன் கூட்டத்திலேயே கனமாக நிற்பது. மற்றது 34 கிலோவில் பிறந்து, ஒரு வயதில் முதலாவதைவிட 40 கிலோ குறைவாக இருப்பது. இரண்டில் எதை வாங்குவது என்பது கேள்வி.

நானாக இருந்தால் இரண்டாவதைத்தான் வாங்குவேன். அது ஒன்று மட்டும் போதாது, அதைப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் விடையைத் தீர்மானிக்கிறது: "நல்ல கிடாரிகளை நிறுத்திக்கொள்கிறேன்." எல்லாக் கன்றுகளையும் விற்றுவிட்டுப் பசுக்களை வெளியில் வாங்குபவருக்குக் காளை என்பது எடை கொடுக்கும் ஒரு வழி, அவ்வளவே. மகள்களை நிறுத்துபவருக்கு அது அடுத்த பதினைந்து ஆண்டுகளின் மந்தை. கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்று நிற்கும் ஒரு கன்றின் மரபில் பாதி அதன் தந்தை கொடுத்தது. கால்பங்கு, தாயைப் பெற்ற காளை கொடுத்தது. அரைக்கால் பங்கு, தாய்வழிப் பாட்டியைப் பெற்ற காளை கொடுத்தது. மூன்றையும் கூட்டினால் எட்டில் ஏழு பங்கு. கடைசியாக வாங்கிய மூன்று காளைகள்தான் உங்கள் மந்தை. பசுக்களைப் பார்த்துப் பார்த்துக் கழித்ததெல்லாம் மிச்சமிருக்கும் அந்த ஒரு பங்கில்தான்.

அந்த 46 கிலோ காளையின் மகள்கள் எப்படி இருக்கும்? பெரும்பாலும் பெரிய பசுக்களாக வளரும். பெரிய பசு நிற்பதற்கே அதிகம் தின்னும். இறைச்சி மாட்டு வளர்ப்பில் மொத்தத் தீவனத்தில் பாதிக்கு மேல் பசுக்களுக்கே போகிறது, அதிலும் பெரும்பங்கு அவற்றின் உடம்பு வெறுமனே இயங்கிக்கொண்டிருக்க. மேய்ச்சல் செழிப்பாக இருக்கும் ஆண்டில் இது தெரியாது. புல் குறைந்த ஆண்டில் பெரிய பசு முதலில் இளைக்கும், இளைத்த பசு ஈன்ற பிறகு பருவத்துக்கு வரத் தாமதிக்கும், அடுத்த ஆண்டு கன்று இருக்காது. பாலும் இப்படித்தான். அதிகப் பால் தரும் மகள்களின் கன்றுகள் கொழுகொழுவென்று வளரும்; புல் ஈடுகொடுக்காத இடத்தில் அந்தப் பாலைத் தாய் தன் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது, அடுத்த சினை தள்ளிப்போகிறது. உங்கள் புல் எவ்வளவு தாங்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். காளை பார்க்கப் போவதற்கு முன் அதைத்தான் முதலில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து பிறப்பு எடை. கிடாரி ஈன முடியாமல் தவிப்பதற்குக் காரணங்கள் பல உண்டு, ஆனால் கன்று பெரிதாக இருப்பதுதான் எல்லாவற்றிலும் முதல் காரணம். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒன்பது கிடாரிகளைக் கனமான ஒரு காளைக்கு விட்டேன். அதன் பிறப்பு எடையை நான் கேட்கவே இல்லை. நான்கு கன்றுகளைக் கயிறு கட்டி இழுக்க வேண்டியிருந்தது. இரண்டு உயிரோடு வரவில்லை. ஒரு கிடாரிக்கு இடுப்பு நரம்பு நசுங்கி ஒன்பது நாள் எழவில்லை. எழுந்தபோது அந்தப் பருவம் முழுவதும் காளைக்கு விட முடியாத நிலையில் இருந்தது. இழுத்து எடுத்த கன்று பிழைத்தாலும் சீம்பால் குடிக்கத் தாமதமாகும், தாயும் மீண்டும் சினை பிடிக்கத் தாமதமாகும். ஒரு தவறு இரண்டு ஆண்டுகளைத் தின்றுவிடுகிறது.

பிறப்பு எடையும் ஒரு வயது எடையும் ஒன்றோடொன்று கைகோத்து வருபவை. கனமாக வளரும் காளையை மட்டும் தேடித் தேடி வாங்கினால், பிறப்பு எடையும் தன்னால் ஏறிக்கொண்டே போகும். லேசாகப் பிறந்து வேகமாக வளரும் காளைகளும் இருக்கின்றன, குறைவு. நல்ல இனப்பதிவுள்ள பண்ணைகளில் தேடினால் கிடைக்கும். ஈற்று எளிமைக்கெனத் தனி மதிப்பீடு கொடுத்திருந்தால் பிறப்பு எடையை விட்டுவிட்டு அதையே பாருங்கள். பிறப்பு எடை அதற்குள் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. இரண்டையும் தனித்தனியாகக் கணக்கில் எடுத்தால் ஒரே விஷயத்துக்கு இருமுறை விலை கொடுப்பதாகும். பன்னிரண்டு கிடாரிகளுக்கு இதுதான் முதல் அளவுகோல். நாலாவது ஐந்தாவது ஈற்றுப் பசுக்களுக்கு இவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை.

அந்த 40 கிலோ வித்தியாசத்துக்கு வருகிறேன். அதை அப்படியே நம்பாதீர்கள். இரண்டு காளைகளும் ஒரே பண்ணையில், ஒரே பருவத்தில் பிறந்து, ஒரே தீவனம் தின்று வளர்ந்தவையா? ஒன்றின் தாய் இரண்டு வயதுத் தலையீற்றுப் பசுவாகவும் மற்றதன் தாய் ஆறு வயதுப் பசுவாகவும் இருந்தால், தலையீற்றுக் கன்று லேசாக இருப்பது இயல்பு. பதிவு வைக்கும் பண்ணைகள் தாயின் வயதுக்கும் கன்றின் நாள் கணக்குக்கும் சரிசெய்துதான் எடையை எழுதும். ஒன்றுக்குத் தானியத் தீவனம் அள்ளிக் கொடுத்து மற்றதைப் புல்லில் மட்டும் வளர்த்திருந்தால் ஒப்பிடவே முடியாது. தராசு காட்டுவது மரபும் தீனியும் கலந்த எடை. கன்றுக்குப் போவது மரபு மட்டும்.

இதற்காகத்தான் இனப்பெருக்க மதிப்பீடு என்று ஒன்றைக் கணக்கிடுகிறார்கள். காளையின் சொந்த எடை, அதன் பெற்றோர், உடன்பிறப்புகள், பிள்ளைகள், இப்போது டிஎன்ஏ சோதனை என்று எல்லாவற்றையும் சேர்த்து, தீனியின் பங்கைக் கழித்துவிட்டு மரபின் பங்கை மட்டும் எண்ணாகச் சொல்வது. வாசிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சில நாடுகளில் ஈபிவி என்பார்கள். அது காளையின் முழு மரபு மதிப்பு, கன்றுக்குப் போவது அதில் பாதி. இரண்டு காளைகளின் ஈபிவி 20 கிலோ வேறுபட்டால் கன்றுகள் சராசரியாக 10 கிலோ வேறுபடும். அமெரிக்க வழக்கில் ஈபிடி என்பார்கள். அது ஏற்கெனவே பாதியாக்கப்பட்டது, அதை மறுபடி பாதியாக்கக் கூடாது. இரண்டு வேறு இனங்களின் எண்களை நேராக ஒப்பிடவும் கூடாது. ஒவ்வொரு இனத்துக்கும் அதன் அடிக்கோடு வேறு. கூடவே நம்பகத்தன்மை என்று ஓர் எண் இருக்கும். பிள்ளைகளே இல்லாத இளங்காளைக்கு அது குறைவாகத்தான் இருக்கும். அப்போது மதிப்பீடு பொய் என்று பொருளில்லை, மேலோ கீழோ நகர இடமிருக்கிறது என்று பொருள்.

எல்லாக் குணமும் ஒரே அளவில் காளை வழியாக வருவதில்லை. வளர்ச்சி வேகமும் இறைச்சியின் தன்மையும் நன்றாகவே வரும். சினை பிடிக்கும் திறன் மரபில் மிகக் குறைவாகவே வரும். அதைக் காளைத் தேர்வால் மட்டும் ஏற்றிவிட முடியாது. அதற்கு நல்ல வழி கலப்பினம். உறவில்லாத இரண்டு இனங்களைச் சேர்த்துப் பிறந்த பசு, தன் ஆயுளில் பால் மறக்கும் வரை வளர்த்துக் கொடுக்கும் கன்று எடை, தூய இனப் பசுவைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுவதாக நீண்டகாலச் சோதனைகள் காட்டின. உங்கள் பசுக்கள் ஒரே இனமாக இருந்தால், கிடாரிகளை நிறுத்தும் உங்களுக்கு இதைவிட மலிவான லாபம் கிடையாது. வெப்பமும் உண்ணியும் மிகுந்த நிலமென்றால் திமிலுள்ள இனத்தின் ரத்தம் கொஞ்சமாவது இருப்பது நல்லது. சாண்டா கெர்ட்ரூடிஸ், பிராங்கஸ் ஆகிய இரண்டு மாட்டினங்களும் அப்படித்தான் உருவாயின. இரண்டிலும் எட்டில் மூன்று பங்கு, பிரம்மன் என்ற திமிலுள்ள இனத்தின் ரத்தம்.

இனி காளையின் உடம்பு. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் பார்க்க அழகாக இருக்கும் காளை பொலியும் என்று நினைத்துவிடுகிறார்கள். வாங்குவதற்கு முன் கால்நடை மருத்துவரைக் கொண்டு இனப்பெருக்கத் தகுதிச் சோதனை செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள். கையெழுத்துப் போட்ட அறிக்கை வேண்டும். அதில் நீங்களே பார்க்க வேண்டியவை சில. விதைப்பையின் சுற்றளவு 15 மாத வயதுக்குள் குறைந்தது 30 சென்டிமீட்டர், இரண்டு வயதைத் தாண்டிய காளைக்கு 34. விந்தணுக்களில் குறைந்தது 30 விழுக்காடு முன்னோக்கி நகர வேண்டும்; குறைந்தது 70 விழுக்காடு வடிவம் சரியாக இருக்க வேண்டும். சுற்றளவு வெறும் விந்து அளவுக்கான குறி அல்ல. பெரிய விதைப்பை உள்ள காளையின் மகள்கள் சீக்கிரம் பருவத்துக்கு வரும். கிடாரிகளை நிறுத்தும் உங்களுக்கு இது எடையைவிடப் பெரிய செய்தி.

விதைப்பையைக் கையால் பிடித்துப் பார்க்க வேண்டும். இரண்டு விதைகளும் ஏறக்குறைய ஒரே அளவில், உறுதியாக, வலியில்லாமல் அசைய வேண்டும். மேலே ஒரு கழுத்துப் போன்ற ஒடுக்கம் தெரிய வேண்டும். விதைகள் உடல் வெப்பத்தைவிட சில டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் நல்ல விந்து உண்டாகும். அந்தக் கழுத்தில் கொழுப்பு சேர்ந்துவிட்டால் வெப்பம் வெளியேறாது. விற்பனைக்காகத் தானியம் போட்டுப் பளபளப்பாக்கிய காளைகளில் இது அடிக்கடி நடக்கும். கொழுத்த காளையைப் புல்லுக்கு இறக்கினால் இளைத்துப் போகும், குளம்பும் கெடும். உடம்பின் கொழுப்புக்கு ஒன்றிலிருந்து (மெலிவு) ஒன்பது (கொழுப்பு) வரை மதிப்பெண் போட்டால் ஆறு போதும்.

சோதனையில் தேறியும் சில காளைகள் பசுக்களைக் கவனிக்கவே கவனிக்காது. இணைசேரும் ஆசைக்கும் விதைப்பையின் அளவுக்கும் சம்பந்தமில்லை, அந்தச் சோதனை அதை அளப்பதும் இல்லை. இதற்கு ஒரே வழி, பருவத்துக்கு வந்த பசுவோடு விட்டுக் கண்ணால் பார்ப்பது. ஏறுகிறதா, ஏறியதும் சேர்கிறதா? சில காளைகளுக்குக் குறி திருகிக்கொண்டு வளைந்துவிடும். சில இளங்காளைகளுக்குக் குறியில் மரு இருக்கும், அல்லது குறியைச் சுற்றி முடி வளையம் இறுகியிருக்கும். முடி வளையத்தை அகற்றினால் சரியாகிவிடும், திருகல் தானாகச் சரியாகாது.

கால்களுக்கு நேரம் கொடுங்கள். காளையை நிற்க வைத்துப் பார்ப்பதோடு விடாமல், சமதரையிலும் சரிவிலும் நடக்க வைத்துப் பாருங்கள். முன்கால் வைத்த தடத்திலேயே பின்கால் விழ வேண்டும். பின்கால் கம்பம் போல நேராக நிற்கும் காளைதான் எனக்கு மிகவும் பயம். ஏறும்போது உடம்பின் எடை முழுவதும் பின்னங்கால் மூட்டுகளில் இறங்குகிறது, நேரான கால் அதை வாங்கிக்கொள்ளாது, முதல் அல்லது இரண்டாம் பருவத்திலேயே நொண்டும். அரிவாள் போல அதிகம் வளைந்த காலும் ஆகாது, ஆனால் நேரான காலைவிட அது மேல். குளம்பு விரல்கள் கத்தரிக்கோல் போல ஒன்றின்மேல் ஒன்று ஏறினால், அண்மையில் குளம்பு வெட்டியிருக்கிறார்களா என்று கேளுங்கள். புதிதாக வெட்டிய குளம்பு எதையும் காட்டாது. திமிலுள்ள இனங்களில் குறியுறை தொங்கிப்போயிருந்தால் முள்ளிலும் புதரிலும் கிழிபடும். அதுவும் மகன்களுக்குப் போகும்.

குணத்தைப் பற்றி ஒரே வார்த்தை: முட்ட வரும் காளை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வேண்டாம். மூர்க்கம் மரபில் கணிசமாக வரும், அதன் மகள்கள் கன்று ஈன்ற அன்று உங்களை அருகில் விடாது. சாதுவான காளையிடமும் முதுகைக் காட்டாதீர்கள்.

கண்ணுக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு பழைய பாடம் உண்டு. 1940களிலும் 50களிலும் அமெரிக்கக் கண்காட்சிகளில் குட்டையான, கட்டையான, தரையோடு ஒட்டிய மாடுகளுக்குத்தான் பரிசு. ஹெர்ஃபோர்ட் போன்ற இனங்களில் எல்லோரும் அப்படிப்பட்ட காளைகளைத் தேடி வாங்கினார்கள். கொஞ்ச காலத்தில் மூச்சிரைக்கும், வயிறு உப்பிய, பிழைக்காத குள்ளக் கன்றுகள் பிறக்கத் தொடங்கின. அது ஒடுங்கிய மரபுக் குறை. அந்தக் குறையுள்ள மரபணுவின் ஒரு பிரதி மட்டும் இருக்கும் காளைக்கு ஒன்றும் ஆகாது, இரண்டும் சேர்ந்தால்தான் குள்ளம். வெளிப்படையாக நன்றாக இருந்த காளைகள் அதைச் சுமந்து பரப்பிவிட்டன. குடும்பங்கள் குடும்பங்களாக மாடுகளைக் கழிக்க வேண்டிவந்தது. அதற்குப் பிறகு காற்று எதிர்ப்பக்கம் வீசி, 70, 80களில் உயரமான காளைதான் வேண்டும் என்றானது. பசுக்கள் புல் தாங்காத அளவுக்குப் பெரிதாயின. உங்கள் 46 கிலோ காளையைப் பார்த்ததும் எனக்கு அந்த இரண்டாம் கதைதான் நினைவுக்கு வந்தது. இன்று இனச் சங்கங்கள் தங்கள் இனத்தின் அறிந்த குறைகளுக்கு டிஎன்ஏ சோதனை வைத்திருக்கின்றன. அந்த முடிவையும் கேட்டு வாங்குங்கள். கொம்பு வேண்டாம் என்றால் மோழைக் காளையாகப் பாருங்கள். மோழைத்தன்மை மேலோங்கும் குணம். இரண்டு பிரதியும் உள்ள காளை என்றால் கொம்புப் பசுக்களுக்குப் பிறக்கும் கன்றுகள் எல்லாமே மோழை, ஒரு பிரதி என்றால் பாதி.

பழைய காளைக்கு வருகிறேன். மகளைத் தந்தையோடு சேர்த்தால் பிறக்கும் கன்றின் உட்கலப்பு, அதாவது ஒரே மூதாதையின் மரபணுவே இரு பக்கமும் வந்து சேரும் வாய்ப்பு, 25 விழுக்காடு. ஒளிந்திருக்கும் குறைகள் வெளியே வருவது இப்படித்தான். எடையும் பிழைக்கும் திறனும் சேர்ந்தே குறையும். அந்தக் கிடாரிகள் பக்கம் பழைய காளை போகவே கூடாது. புதிய காளையின் வம்சத்திலும் பழைய காளையின் தந்தை பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்; ஒரே விற்பனையாளரிடம் தொடர்ந்து வாங்குபவர்களுக்கு இது தெரியாமலே நேர்ந்துவிடுகிறது.

எத்தனை காளை? இளங்காளைக்கு அதன் வயது எத்தனை மாதமோ அத்தனை பசு என்பது பழக்கத்தில் உள்ள கணக்கு, அது பெரும்பாலும் சரியாக வரும். 14 மாதக் காளைக்குப் பன்னிரண்டு கிடாரிகள் பொருத்தம். வளர்ந்த காளைக்கு இருபத்தைந்து முதல் முப்பது. ஆக, 34 கிலோவில் பிறந்த காளையைச் சோதனையில் தேறினால் கிடாரிகளுக்கு வாங்குங்கள். நாற்பது பசுக்களுக்கு அது போதாது. பிள்ளைகளின் பதிவோடு வரும் மூன்று வயதுக் காளை ஒன்றைத் தனியாகத் தேடுங்கள். அதற்கு வளர்ச்சி நன்றாக இருக்கலாம், ஆனால் மகள்களின் அளவு உங்கள் புல்லுக்குள் அடங்க வேண்டும். இந்த ஆண்டு மட்டும், தன் மகள்கள் இல்லாத பசுக்கூட்டத்தில் பழைய காளையையும் பயன்படுத்தலாம், அதுவும் சோதனைக்குப் பிறகு. பழையதையும் புதியதையும் ஒரே மேய்ச்சலில் விடாதீர்கள். மூத்தது மற்றதை அருகில் விடாது. மூத்ததன் விந்து கெட்டிருந்தால் கூட்டம் முழுவதும் சினையின்றி நிற்கும்.

மூன்று வயதுக் காளை என்பதால் ஒரு எச்சரிக்கை. ட்ரைகோமோனாஸ், கேம்பைலோபாக்டர் என்ற இரண்டு தொற்றுகள் இணைசேரும்போது பரவும். காளைக்கு எந்த அறிகுறியும் இருக்காது, பசுக்களுக்குத் தொடக்கச் சினை கலைந்து மறுபடி மறுபடி பருவத்துக்கு வரும். வயதான காளையின் குறியுறை மடிப்புகளில் அவை நிலையாகத் தங்கும். இதுவரை இணைசேராத இளங்காளையிடம் இந்தக் கவலை இல்லை. ஏற்கெனவே இணைசேர்ந்த காளையை, சோதனை முடிவு வரும் வரை பசுவின் அருகில் விடக் கூடாது.

வாங்கும் நாளையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். இணைசேர்க்கைப் பருவத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்னதாகக் காளை உங்கள் இடத்துக்கு வந்துவிட வேண்டும். ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 60 நாள், வெளியே வர மேலும் பத்து நாள். பயணத்திலோ காய்ச்சலிலோ கடும் வெயிலிலோ கெட்ட விந்து அதற்குப் பிறகுதான் சீராகும். வந்ததும் ஒரு மாதம் தனியே கட்டிப் பாருங்கள். தானியத்தில் வளர்ந்ததென்றால் சிறுகச் சிறுகப் புல்லுக்குப் பழக்குங்கள்.

காளையை விட்ட முதல் மூன்று வாரம் தினமும் போய்ப் பாருங்கள். எந்தப் பசுவின் மேல் ஏறியது என்று எண்ணோடு எழுதுங்கள். 21 நாள் கழித்து அதே பசுக்கள் திரும்பப் பருவத்துக்கு வருகின்றனவா என்பதுதான் கேள்வி. ஒன்றிரண்டு வந்தால் சரி. பாதி வந்தால் அன்றே காளையை மாற்ற வேண்டும். பால் குடிக்கும் கன்று நாளுக்கு முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை ஏறும். ஒரு பருவச் சுற்று தவறிய பசுவின் கன்று, விற்கும் நாளில் 15 முதல் 20 கிலோ குறைவாக நிற்கும். நீங்கள் முதலில் கேட்ட அந்த 40 கிலோவில், மதிப்பீட்டின்படி கன்றுக்கு வந்து சேரக்கூடியது இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.